எய்லர்ட்டின் இடப்பக்க மீசை

ஸ்கார்வா தீவில் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் தூருனிடம்தான் போகவேண்டும். வீடு தீப்பிடித்தாலும் வருவது தூருன்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் கண் திறந்து முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் தூருனின் முகமாகவே இருக்கும். ஆம்புலன்ஸ் படகு கரையிலிருந்து வந்து சேர முக்கால் மணி நேரமாகும். ஹெலிகாப்டருக்கு வானிலை ஒத்துழைக்கவேண்டும். அதுவரை உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது தீவின் பகுதிநேரத் தீயணைப்புப் படையின் வேலை. படையில் மொத்தம் பன்னிரண்டு பேர். மீன் பண்ணைக்காரர், பள்ளிக்கூடத் தச்சர், ரொட்டிக் கடைக்காரி என்று எல்லோருக்கும் வேறொரு பிழைப்பு இருந்தது. தூருனுக்குத் துறைமுகத்தை ஒட்டிய முடிதிருத்தகம்.

கடைச் சுவரில் கண்ணாடிக்கு மேலே அவள் ஓர் அட்டை மாட்டியிருந்தாள். 'பேஜர் அடித்தால், நாற்காலியில் இருப்பவர் இருக்கிற கோலத்திலேயே விடப்படுவார்.' புதிதாக வருகிறவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். தீவுக்காரர்கள் சிரிப்பதில்லை. பாதிரியார் ஒருமுறை ஒரு பக்கக் கிருதாவோடு கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறார். தபால் அலுவலக குன்வோர், சாயத்தை அலச ஆளில்லாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, கேரட் நிறத் தலையோடு வீடு திரும்பினாள். அந்த நிறம் தனக்கு எடுப்பாக இருப்பதாக அவளே தீர்மானித்துக்கொண்டு, பிறகு அதையே கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டாள்.

இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாத ஆள் ஒருவர் உண்டு. எய்லர்ட். தீவின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துகிறவர், பள்ளிக்கூடத்தின் பழைய இசை ஆசிரியர். முப்பத்தோரு வருடம் வளர்த்த மீசைக்குச் சொந்தக்காரர். அது வெறும் மீசையல்ல. இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்டு, நுனியில் மெழுகு பூசி, ஒரு கப்பலின் முன்முனையைப் போல அவருக்கு முன்னால் போகும். படகுத்துறையில் எய்லர்ட் வருகிறார் என்பதை மீசையை வைத்துத்தான் சொல்வார்கள்.

மே பதினாறாம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் தூருனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் தேசிய நாள் ஊர்வலம். மாவட்டப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருகிறது.

"அந்தப் பொட்டிய அரை மணி நேரம் அணைச்சு வை," என்றார், அவள் இடுப்பிலிருந்த பேஜரைக் காட்டி.

"என்ன வேணா அணைச்சுப் போடலாம் வாத்தியாரே. அத அணைக்க முடியாது."

"எரியறது அரை மணி கழிச்சு எரியட்டுமே."

"உங்க வீடா இருந்தா அப்படியே விட்டுடறேன்."

சாயம் பூசி, தலையெல்லாம் வெள்ளித்தாளோடு ஓரத்தில் காத்திருந்த குன்வோர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். எய்லர்ட் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுநாள் வாசிக்கப்போகும் பாடல்களை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். போர்த்திய வெள்ளைத் துணிக்கு அடியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த விரல்களைத் தூருனுக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் அவள் ஒரே ஒரு குளிர்காலம் இருந்தாள். "ரோட்டைத் தாண்டற கோழி மாதிரித் தாளம் போடறே. உன் காது தோடு போட்டுக்கத்தான் லாயக்கு," என்று சொல்லி எல்லார் முன்னாலும் அவளை வெளியே அனுப்பினார் எய்லர்ட். அதைத் தூருன் என்றோ மன்னித்துவிட்டாள். குறைந்தபட்சம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைமுடி வெட்டி முடிந்தது. மீசையின் அடிவிளிம்பை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தவேண்டும். ட்ரிம்மரை எடுத்து, இடது கை விரலால் அவர் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி உதட்டருகே கொண்டுபோனாள்.

பேஜர் அலறியது.

பதினான்கு வருடமாகக் கேட்கிற சத்தம். ஆனாலும் அன்று அவள் கை துள்ளிவிட்டது. ட்ரிம்மர் உதட்டிலிருந்து மூக்கு வரை ஒரே ஓட்டமாக ஓடியது. முப்பத்தோரு வருடத்தின் பாதி, மெழுகு பூசிய சுருளோடு, அவர் மடியில் ஒரு செத்த அணில்வால் போல விழுந்தது.

எய்லர்ட் கண்ணைத் திறக்கவில்லை. "போச்சா? போ, போ," என்றார் சலிப்போடு.

இந்த இடத்தில் தூருன் என்ன செய்திருக்கவேண்டும் என்பதைப் பற்றித் தீவில் பிறகு நிறையப் பேச்சு நடந்தது. நடந்ததைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவள் செய்தது இதுதான். பேஜரின் திரையைப் பார்த்தாள்: பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், ஆண், அறுபது வயது, மூச்சு இல்லை. ஒரு கையால் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினாள். இன்னொரு கையால் சூடான ஈரத்துண்டை எடுத்து அவர் கண்மேல் போட்டாள்.

"கண்ணுல முடி விழுந்திருக்கு, திறக்காதீங்க. அப்படியே சாஞ்சுக்கோங்க. வந்துடறேன்."

கதவைத் தாண்டும்போது குன்வோரைப் பார்த்தாள். குன்வோர் மடியில் கிடந்த மீசையைப் பார்த்தாள், தூருனைப் பார்த்தாள், பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். பத்திரிகை நடுங்கியது.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டிருந்தது. நிலையத்தை ஒட்டியே கார் பட்டறை வைத்திருந்த யூஸ்டைன்தான் எப்போதும் முதலில் போய் வண்டியை எடுப்பவன். தூருனை அவள் கடை வாசலில் ஏற்றிக்கொள்வான். பின் இருக்கையில் இன்னும் இருவர் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றான் யூஸ்டைன்.

"எய்லர்ட் மீசைல பாதிய எடுத்துட்டேன்."

வண்டி ஒரு நொடி துறைமுகத் தடுப்புச் சுவரை நோக்கிப் போய்த் திரும்பியது.

"எந்தப் பாதி?"

"இடது. யூஸ்டைன், ரோட்டப் பாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தாயே," என்றான் யூஸ்டைன், "எங்க வீட்டுல தீப்பிடிச்சா நீ வரவேணாம்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். கூடத்தின் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாளுக்காக வாத்தியக் குழு அங்கே ஒத்திகைக்குக் கூடியிருந்தது. எய்லர்ட் நாலரைக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை நாற்காலிகளைப் போட்டு, கருவிகளை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ட்யூபா வாசிக்கும் மாக்னார், தன் உடம்பளவு பெரிய அந்தப் பித்தளைக் கருவியைத் தூக்கியவர், அதோடு சேர்ந்து சாய்ந்துவிட்டார். மாக்னார் படகுச் சேவையில் வேலை பார்ப்பவர். தீவிலிருந்து எங்கே போவதென்றாலும் அவர் கையில்தான் டிக்கெட்டைக் கொடுக்கவேண்டும். இப்போது அவர் கூடைப்பந்துக் கோட்டின் மேல் மல்லாந்து கிடந்தார், முகம் சாம்பலாக. க்ளாரினெட் வாசிக்கும் பெண் ஒருத்தி அழுதுகொண்டே அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் தூருன் நடத்திய முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டது. அழுதாலும் சரியாகவே அழுத்தினாள்.

"அருமை. நான் எடுத்துக்கறேன், நகரு," என்று தூருன் முழங்காலிட்டாள்.

பின்னாலிருந்த இருவரில் ஒருவர் மாக்னாரின் தலையைப் பிடித்து மூச்சுப் பையை வைத்தார். யூஸ்டைன் சட்டையைக் கத்தரித்து மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியின் ஒட்டுகளை மார்பில் ஒட்டினான். 'யாரும் தொடாதீர்கள்,' என்றது பெட்டி, யாருக்கும் அவசரமே இல்லாதது போன்ற குரலில். உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மாற்றமில்லை. தூருன் மறுபடி அழுத்தத் தொடங்கினாள். முதல் நிமிடத்திலேயே மாக்னாரின் விலா ஒன்று கை அடியில் முறிவது தெரிந்தது. அந்த உணர்வு அவளுக்கு இன்றும் பழகவில்லை. நிறுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வியர்வை கண்ணில் இறங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றவேண்டும், ஆனால் யூஸ்டைன் பெட்டியோடு இருந்தான், நான்காமவர் கதவருகே ஹெலிகாப்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இழுக்கிறே!"

குரல் கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. தூருன் நிமிரவில்லை. நிமிராமலேயே அது யார் என்று தெரிந்துவிட்டது.

குன்வோருக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். "மாக்னார் விழுந்துட்டாராம்," என்று அவள் சொன்னதுதான் தாமதம், எய்லர்ட் துண்டை வீசிவிட்டு, போர்த்திய வெள்ளைத் துணியோடு, துறைமுகச் சாலை முழுக்க ஓடி வந்திருக்கிறார். எதிரே வந்த எவரும் அவரை நிறுத்திச் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வரவேண்டுமே.

"தாளம் இழுக்குது தூருன்! தொண்ணூறுக்கு இறங்கிட்டே. நூத்திப் பத்து! நிமிஷத்துக்கு நூத்திப் பத்து!"

அவர் நேராக வந்து மாக்னாரின் காலடியில் நின்றார். வலது கையைத் தூக்கினார். ஒரு குழுவையே நிறுத்தியும் நடத்தியும் பழகிய கை. "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. கையப் பாரு. நெஞ்சப் பாக்காத, என் கையப் பாரு."

அவர் சொன்னது சரி. களைப்பில் அவள் வேகம் குறைந்துவிட்டிருந்தது. தூருன் தலையை நிமிர்த்தி அவர் கையைப் பார்த்தாள். பார்வை தவிர்க்கமுடியாமல் அந்த முகத்திலும் பட்டது. ஒரு பக்கம் முப்பத்தோரு வருடம், மறுபக்கம் வெள்ளை வெளேரென்ற மேலுதடு. சுற்றி நின்ற இருபத்தைந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் முகமும் அசையவில்லை. அழுதுகொண்டிருந்த க்ளாரினெட் பெண் மட்டும் விக்கலும் அழுகையும் வேறெதுவோ ஒன்றும் கலந்த ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எய்லர்ட்டுக்கு எதுவும் தெரியவில்லை. கை நூற்றுப் பத்தில் இறங்கி ஏறியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து, ஒரு பக்கம் மீசையில் தேங்கியது, மறுபக்கம் தடையில்லாமல் வாய்க்குள் போனது.

"போடா மாக்னார், போடா பார்க்கலாம்," என்றார் தாளத்தை விடாமல். "நாளைக்கு ஊர்வலத்த வச்சுக்கிட்டு எங்கடா போறே."

தூருன் விலக, யூஸ்டைன் அழுத்தத் தொடங்கினான். அவன் ஆடு மேய்க்கிற வேகத்தில் அழுத்துவதாக எய்லர்ட் அவனையும் திட்டினார். பெட்டி மறுபடி எல்லோரையும் விலகச் சொன்னது. இரண்டாவது அதிர்ச்சி.

மாக்னார் இருமினார்.

தூருன் கழுத்தில் விரல் வைத்தாள். விரலுக்கு அடியில் ஏதோ தட்டியது, நின்றது, தட்டியது. பிறகு நிற்காமல் தட்டியது. "இருக்கு," என்றாள். தலையை நிமிர்த்தினாள். மறுபடி சொன்னாள். "இருக்கு!"

இருபது நிமிடத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கி, சிவப்பு உடையில் மருத்துவர் உள்ளே வந்தபோது மாக்னார் கண் திறந்திருந்தார். பேச்சு வரவில்லை. மருத்துவர் குனிந்து, மெதுவான குரலில், மூளைக்கு ரத்தம் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார்.

"உங்க பேரு தெரியுமா?"

மாக்னார் யோசித்தார். கண் மருத்துவரைத் தாண்டி, காலடியில் நின்ற எய்லர்ட்டிடம் போய் நின்றது. நெற்றி சுருங்கியது.

"அரை மீசை," என்றார்.

மருத்துவர் தன்னோடு வந்த உதவியாளரிடம் தாழ்ந்த குரலில், "குழப்பமா இருக்காரு, குறிச்சுக்கோ," என்றார்.

"டேய் எய்லர்ட்," என்றார் மாக்னார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "மீசைல... பாதி எங்கடா?"

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அத அடிச்சிடு," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "தெளிவாத்தான் இருக்காரு."

எய்லர்ட்டின் கை தானாக மேலே போனது. வலப்பக்கச் சுருளைத் தொட்டது. இடப்பக்கம் போனது. அங்கே எதுவும் இல்லை. மறுபடி தேடியது. தரையில் சாய்ந்து கிடந்த ட்யூபாவின் பளபளத்த வாயில் அவர் முகம் தெரிந்தது, அகலமாக, வளைந்து, பாதியாக. குனிந்து நன்றாகப் பார்த்தார்.

முதலில் வெடித்தது யூஸ்டைன். பிறகு கூடமே வெடித்தது. அரை மணி நேரமாக அழுதும் அடக்கியும் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. சிலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மாக்னார் சிரிக்கப் பார்த்து, விலா வலியில் "அய்யோ" என்று கத்தினார். ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப்போகும்போதும் "அய்யோ" என்ற சத்தம் ஹெலிகாப்டர் வரைக்கும் விட்டு விட்டுக் கேட்டது.

எய்லர்ட் சிரிக்கவில்லை. மைதானத்தில் ஹெலிகாப்டர் புள்ளியாகிற வரை நின்றுவிட்டு, தூருனிடம் வந்தார்.

"வேணும்னே பண்ணியா?"

தூருன் கையுறையைக் கழற்றினாள். பொய் சொல்ல அன்று அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

"கையத் துள்ள வச்சது பேஜர். கண்ணுல முடி விழுந்திருக்குன்னது நான்."

"விழலையா?"

"ஒரு முடி கூட விழல."

எய்லர்ட் அதை யோசித்தார். "இருபத்தெட்டு வருஷமாடி இத மனசுல வச்சிருந்தே, அந்தக் கோழிய?"

"கோழியா? எந்தக் கோழி?" என்றாள் தூருன். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கழுத்து சிவந்துவிட்டது.

"கடையத் திற," என்றார். "மிச்சத்தையும் எடு."

அன்று மாலை தூருன் வலப்பக்கத்தையும் எடுத்தாள். காசு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அவரும் கொடுக்க நினைக்கவில்லை. வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்து, யாரென்று கேட்டுவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் அவரை அடுப்பறை விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த மேலுதட்டைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஊர்வலம் நன்றாகத்தான் தொடங்கியது. கொடிகள், குழந்தைகள், ஐஸ்க்ரீம், பின்னால் பளபளப்பாகத் துடைத்த தீயணைப்பு வண்டி, அதில் சீருடையில் தூருனும் யூஸ்டைனும். நினைவுத் தூணருகே குழு நின்றது. தேசிய கீதம் வாசிக்க எய்லர்ட் அவர்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அது வெளியே வந்தது.

முப்பத்தோரு வருடமாக அந்த மீசைக்குப் பின்னால் எய்லர்ட் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தப்புச் சுரத்துக்கும், சத்தமில்லாமல், உதட்டளவில், வாசித்தவரைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கே அது தெரியுமோ என்னவோ. இப்போது மறைக்க எதுவும் இல்லை.

முதலில் கவனித்தது க்ளாரினெட் பெண். அவள் ஒரு சுரத்தைத் தவறவிட்டதும் எய்லர்ட்டின் உதடு தெளிவாக 'மரமண்டை' என்றது. அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். பக்கத்தில் இருந்தவள் வேண்டுமென்றே ஒரு சுரத்தைப் பிசகவிட்டாள். 'நீயுமா, தடிச்சி.' செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கீதத்தின் இரண்டாவது அடியில் ஆளாளுக்குத் தப்பு வாசித்துத் தங்களுக்கு என்ன பட்டம் கிடைக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். ட்ரம்பெட்காரருக்கு 'அழுகின மீன்' கிடைத்தது. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், மறுபடி ஒருமுறை தப்பாக ஊதினார். மூன்றாவது அடியில் யாருக்கும் ஊத மூச்சு இல்லை. கீதத்தை ஊர் ஜனங்கள்தான் பாடி முடித்தார்கள். பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில் இருபத்தைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்திருந்தார்கள். நடுவில் ஒரு வழுவழுப்பான முகம் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

யாரோ அதை வீடியோவும் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மாக்னார் அதைப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, நர்சை அழைக்கும் மணியை அடித்ததாகக் கேள்வி.

எட்டு நாளில் மாக்னார் வீடு திரும்பினார். மூன்று மாதத்துக்கு ட்யூபா ஊதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை எய்லர்ட், பத்து நாள் முடி முளைத்த உதட்டோடு, தூருனின் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"என் ட்யூபாக்காரனோட விலா நாலு உடைஞ்சிருக்கு."

"மூணு என்னுது. ஒண்ணு யூஸ்டைன்."

"ட்யூபா இல்லைன்னா அடித்தளம் இல்ல. பெரிய முரசு வாசிக்கிறவன ட்ரம்பெட்டுக்கு மாத்தி, ட்ரம்பெட்காரன ட்யூபாவுக்கு மாத்தப் போறேன். முரசுக்கு ஆள் வேணும். ஜூன் இருபத்திமூணு கோடை நெருப்பு விழாவுக்கு."

"வாத்தியாரே, என் காது தோடு போட்டுக்கத்தான் லாயக்கு."

"முரசுக்குக் காது எதுக்கு? அன்னிக்குக் கையப் பாத்து நூத்திப் பத்துல போட்டியே, அது போதும்." வாசலில் நின்று ஒருமுறை திரும்பினார். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா இழுப்பே. அது எனக்குத் தெரியும்."

தூருன் மறுக்கலாமென்றுதான் நினைத்தாள். மறுக்கவில்லை. ஏன் என்று யூஸ்டைன் கேட்டபோது, "சும்மா," என்றாள். புதன்கிழமை சாயங்காலம் முரசைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு வந்தாள். வீட்டில் அடித்தால் நாய் ஊளையிட்டது.

யூஸ்டைன் அங்கே தண்ணீர் அடிக்கும் துணிக்குழாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். கடலிலிருந்து குளிர்காற்று வீசியதால் பெரிய கதவை இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒவ்வோர் அடியும் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

"ஒரு மணி நேரமாச்சு தாயே," என்றான் யூஸ்டைன், காதில் பஞ்சை வைத்தபடி. "செத்தவன் கூட எழுந்திருச்சிருப்பான்."

"இன்னும் ரெண்டு தடவ."

ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தாளம் இழுக்கவில்லை என்று அவளுக்கே தோன்றிய நேரத்தில் இருவர் இடுப்பிலும் பேஜர் ஒன்றாக அலறியது. யூஸ்டைன் குழாயைப் போட்டுவிட்டு வண்டியை நோக்கி ஓடினான். தூருன் பூட்ஸில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே திரையைப் படித்தாள். நின்றாள். மறுபடி படித்தாள்.

'ஸ்கார்வா தீயணைப்பு நிலையம். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ விடாமல் தட்டுகிறார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.'

அவள் திரையை யூஸ்டைனிடம் நீட்டினாள். அவன் படித்தான். முரசைப் பார்த்தான். வண்டியின் வயர்லெஸை எடுத்து, தொண்டையைச் செருமி, கூடியவரை சாதாரணமான குரலில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னான்.

"ஸ்கார்வா வண்டி. வந்து சேர்ந்துட்டோம்."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றது பெண் குரல். "நிலைமை எப்படி இருக்கு?"

யூஸ்டைன் தூருனைப் பார்த்தான். அவள் ஒரு காலில் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்து, முரசின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பெண், நாப்பத்தோரு வயசு," என்றான். "மூச்சு இருக்கு. பேச்சுதான் வரல."